காணிக்கைத் தட்டிலிருந்து கடலோரக் குடிசை வரை

ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் சென்னைவாசிகள் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்குகின்றனர். மயிலையிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வாழும் நம் பங்குக் குடும்பங்கள் மழையை வரவேற்கவும் செய்கின்றன. அதற்கு அஞ்சவும் செய்கின்றன. எங்கேனும் புயலோ வெள்ளமோ தாக்கிய செய்தி வந்துவிட்டால், அடுத்த ஞாயிறு திருப்பலியின் முடிவில் பங்குத் தந்தை சிறப்புக் காணிக்கை ஒன்றை அறிவிக்கிறார். நாமும் இயன்றதை இடுகிறோம். ஆயினும் கோயில் வாயிலைக் கடக்கும்போது பலருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. இப்பணம் உரியவர் கைக்குப் போய்ச் சேருகிறதா? இடையில் எத்தனை கை மாறுகிறது? நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என்ன?

இக்கேள்வியைக் கேட்பவரைக் கஞ்சர் என்றோ விசுவாசம் குன்றியவர் என்றோ ஒதுக்கிவிடலாகாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. மாதச் சம்பளத்தில் மளிகைக் கடனுக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் ஒதுக்கியது போக எஞ்சியதில் ஒரு பகுதியை முகமறியாத ஒருவருக்குக் கொடுக்கும் குடும்பத்திற்கு, அப்பணம் செல்லும் வழியை அறிய உரிமை உண்டு. அவ்வழியைக் குறித்தே இத்திங்கள் சிந்திப்போம்.

அந்தியோக்கியாவின் மூன்று கைகள்

துயர்துடைப்புக்கெனப் பொருள் திரட்டி, நம்பகமானவர் வழியாக அனுப்பி, அதற்குக் கணக்கு ஒப்புவிக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. கிளவுதியு மன்னன் காலத்தில் பெரும் பஞ்சம் வரும் என்று அகபு என்னும் இறைவாக்கினர் முன்னறிவித்தபோது, அந்தியோக்கியா நகரச் சீடர்கள் அவரவர் வசதிக்கேற்பப் பொருள் சேர்த்து, பர்னபா, சவுல் ஆகிய இருவர் கையில் கொடுத்து, யூதேயாவிலிருந்த மூப்பர்களுக்கு அனுப்பினார்கள் என்று அப்போஸ்தலர் பணி நூல் கூறுகிறது. இங்கே மூன்று கைகளைக் காண்கிறோம்: கொடுக்கும் கை, கொண்டு செல்லும் கை, பங்கிடும் கை. அந்தியோக்கியா மக்கள் யூதேயாவின் ஏழைகளை நேரில் அறியார். அறிந்தவர்கள் அங்கிருந்த மூப்பர்களே. ஆகவேதான் ஒரே கையில் முடியாத வேலை மூன்று கைகளுக்குப் பிரிந்தது.

பின்னர் புனித சின்னப்பர் யெருசலேமின் ஏழைகளுக்காகப் பெருந்தொகை ஒன்றைத் திரட்டினார். வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் இயன்றதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்றும், தாம் வந்த பிறகு வசூலைத் தொடங்கும் நிலை கூடாது என்றும் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். திரண்ட தொகையை அவர் தம் பொறுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தீத்துவையும் அவருடன் வேறு இரு சகோதரர்களையும் அனுப்பினார். அவர்களுள் ஒருவர் சபைகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் எவரும் தம்மைக் குறைகூற இடமிருக்கலாகாது என்பதே சின்னப்பர் கூறிய காரணம். நற்செய்திக்காக அடியும் சிறையும் பட்ட அப்போஸ்தலரே, என்னை நம்புங்கள் என்று மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை, சாட்சிகளை வைத்துக்கொண்டார்.

மற்றொரு செய்தியையும் அப்போஸ்தலர் பணி நூல் மறைக்காமல் சொல்கிறது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கண்டிக்கவில்லை. அப்பணிக்கென்றே நற்சான்று பெற்ற எழுவரை நியமித்தார்கள். பட்டியலில் விடுபட்டோர் குரல் எழுப்பியதால் திருச்சபையில் ஒரு திருப்பணியே தோன்றிற்று. பட்டியலில் விடுபடுவோர் இன்றும் உளர். அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

பால் மாவுக் காலம்

நம் பங்குகளில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்குப் பால் மாவும் கோதுமை ரவையும் எண்ணெய்த் தகரங்களும் நினைவிருக்கும். இரு கைகள் குலுக்கிக்கொள்ளும் சின்னம் அந்தத் தகரங்களிலும் மூட்டைகளிலும் பொறிக்கப்பட்டிருந்தது. அவை வந்த வழியை எண்ணிப் பார்த்தால், ஒரு குவளைப் பாலுக்குப் பின்னால் எத்தனை அமைப்புகள் நின்றன என்பது விளங்கும்.

அமெரிக்க ஆயர்கள் போர்க்கால அகதிகளுக்காக 1943-இல் தொடங்கிய நிறுவனமே பின்னர் கத்தோலிக்க நிவாரணப் பணி எனப் பெயர் பெற்றது. அது 1946 முதல் இந்தியாவில் பணியாற்றி வருகிறது. 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 என்னும் சட்டத்தின்படி, அந்நாட்டு உழவரிடம் மிகுதியாக விளைந்த தானியத்தை அரசு வாங்கி, இத்தகைய தொண்டு நிறுவனங்கள் வழியாக அயல்நாடுகளுக்கு அனுப்பியது. சுங்க வரி விலக்கையும் உள்நாட்டுப் போக்குவரத்துச் செலவையும் இந்திய அரசு ஏற்றது. துறைமுகத்திலிருந்து மறைமாவட்டத்திற்கும், அங்கிருந்து பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் மூட்டைகள் சென்றன. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்திற்கும் 1961 முதல் கேர் நிறுவனம் இவ்வாறே உணவுப் பொருள் தந்தது.

இவ்வுதவியைக் குறித்து ஏளனமும் இருந்தது. நியாயமான கண்டனமும் இருந்தது. கோதுமைக்காகவே கோயிலுக்கு வருகிறார்கள் என்று சிலர் நகைத்தனர். அயல்நாட்டார் தம் உபரியைத் தள்ளிவிட நம்மைப் பயன்படுத்துகின்றனர் என்று வேறு சிலர் கூறினர். எனினும் பசித்த குழந்தை பால் குடித்தது என்பதும் உண்மை. இதில் நாம் மறக்கலாகாத பாடம் ஒன்று உண்டு. உதவி பெறுவது இழிவன்று. பெற்றுக்கொண்டே இருந்துவிடுவதே குறை.

இதற்கு ஜெர்மானியத் திருச்சபை நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போரில் அழிந்த அந்நாட்டின் குடும்பங்கள் அயல்நாட்டார் அனுப்பிய உணவுப் பொட்டலங்களை உண்டு பிழைத்தன. போர் முடிந்து பதின்மூன்றே ஆண்டுகளில், 1958-இல், கொலோன் நகரப் பேராயர் கர்தினால் பிரிங்ஸ் முன்மொழிய, அந்நாட்டு ஆயர்கள் தவக்காலக் காணிக்கையாக மிசெரெயோர் நிதியைத் தொடங்கினார்கள். உண்ண ஒன்றுமின்றித் தம்முடன் இருந்த மக்கள் கூட்டத்தின்மேல் ஆண்டவர் இரக்கம் கொண்டதாக மாற்கு நற்செய்தியில் வரும் இலத்தீன் சொல்லே அதன் பெயர். நேற்றுப் பெற்றவர் இன்று கொடுப்பவராயினர். நம் நாட்டிலும் 1962-இல் ஆயர்களின் பொறுப்பில் காரித்தாஸ் இந்தியா தோன்றியது. உரோமையிலுள்ள அகில உலகக் காரித்தாஸ் கூட்டமைப்பின் உறுப்பாகிய அது, மறைமாவட்டச் சமூகப் பணிச் சங்கங்களைக் கைகளாகக் கொண்டு பணியாற்றியது.

2004 டிசம்பர் 26

இத்தனை அமைப்புகளும் ஒரே நேரத்தில் நம் வாயிலில் வந்து நின்ற நாள் ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். அவ்வாண்டு திருக்குடும்பத் திருவிழாவும் அன்றே. சுமத்ரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, காலை வேளையில் நம் கரையைத் தாக்கியது. பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம், அடையாற்று முகத்துவாரத்திற்குத் தெற்கேயுள்ள ஊரூர் குப்பம் எனக் கடலோரக் குடியிருப்புகள் நிலைகுலைந்தன. சென்னையில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகம் முழுவதும் மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தார். சாந்தோம் பேராலய வளாகம் வீடிழந்தோருக்குப் புகலிடமாயிற்று.

முதலில் உதவிக்கு வந்தது எந்த அமைப்பும் அன்று, அண்டை வீட்டாரே. அலையில் அகப்பட்டோரைத் தூக்கியவர்களும், முதல் வேளைக் கஞ்சி காய்ச்சியவர்களும் அதே தெருவினர். உலகத் துயர்துடைப்பு நிறுவனங்கள் பின்னர் ஒன்றுகூடி நடத்திய ஆய்வும், முதல் நாட்களில் உயிர்களைக் காத்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்களே என்று 2006-இல் ஒப்புக்கொண்டது.

அடுத்து அரசு வந்தது. மாவட்ட ஆட்சியர், வருவாய்த் துறை, நியாய விலைக் கடை ஆகியவற்றின் வழியே அரிசியும் பணமும் சேர்ந்தன. அயல்நாட்டு அரசுகள் தர முன்வந்த உடனடி நிவாரணத்தை இந்திய அரசு நன்றியுடன் மறுத்தது. அதே நாட்களில் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் உதவி கொண்டு சென்றன. எனினும் மறுவாழ்வுப் பணிக்கு உலக வங்கியின் கடனை அரசு ஏற்றது. தமிழகத்திற்கும் புதுவைக்கும் 2005-இல் 46.5 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. தனியார் தொண்டு நிறுவனங்களின் வழி வந்த வெளிநாட்டு நன்கொடைக்கும் தடை இருக்கவில்லை. உலகெங்கும் இப்பேரழிவுக்கெனத் திரண்ட தொகை ஏறத்தாழ 1,400 கோடி டாலர் என்று கணக்கிட்டுள்ளனர்.

அத்தொகையின் ஒரு துளி நம் கரைக்கு வந்த வழியைப் பின்தொடர்வோம். ஐரோப்பிய நகரம் ஒன்றின் பங்குக் கோயிலில் ஒரு மூதாட்டி காணிக்கை இடுகிறார். அது அந்நாட்டுக் காரித்தாஸை அடைகிறது. அங்கிருந்து புதுதில்லியிலுள்ள காரித்தாஸ் இந்தியாவுக்கு வருகிறது. மறைமாவட்டச் சங்கம் திட்ட மனு எழுதுகிறது, அது ஆராயப்படுகிறது, பணம் தவணைகளாக வருகிறது. சங்கத்தின் களப்பணியாளர் குடும்பங்களைக் கணக்கெடுக்கிறார். ஒருவர் விலைப்புள்ளி கேட்டுப் பொருள் வாங்குகிறார். மற்றொருவர் பற்றுச்சீட்டைக் கோக்கிறார். தணிக்கையாளர் ஆண்டிறுதியில் சரிபார்க்கிறார். கை மிகுதிதான். ஆனால் ஐரோப்பிய மூதாட்டிக்குச் சீனிவாசபுரத்தைத் தெரியாது; சீனிவாசபுரத்துப் பணியாளருக்கு அயல்நாட்டுச் சட்டம் தெரியாது. ஒவ்வொரு கையும் மற்றொரு கை அறியாத ஒன்றை அறிந்திருக்கிறது.

கைகள் பலவானால்

பல கைகளால் நன்மை விளைந்ததற்கு நாகப்பட்டினமே சான்று. நூற்றுக்கணக்கான அமைப்புகள் அங்கே குவிந்தபோது, ஒரே குப்பத்திற்குப் பத்து லாரியும் மற்றொரு குப்பத்திற்கு ஒன்றுமில்லாத நிலையும் ஏற்பட இருந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சிநேகா என்னும் அமைப்பும் முன்னின்று, 2005 தொடக்கத்திலேயே ஆட்சியர் அலுவலகத்துடன் இணைந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை அமைத்தன. எந்த ஊரில் எவர் என்ன செய்கிறார், எங்கே குறை இருக்கிறது என்பதை அம்மையம் பதிந்து அறிவித்தது. அரசும் நிலம் தந்து, தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டித் தரும் திட்டத்தை 2005 மார்ச்சில் அறிவித்தது. வீடு கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்று அத்திட்டம் விதித்தது மிகவும் போற்றத்தக்கது.

தீமையும் விளைந்தது. எவருக்கும் பயன்படாத பழந்துணிகள் மூட்டை மூட்டையாக வந்து நாகைச் சாலையோரங்களில் குவிந்தன. துயரில் இருந்தவரிடம் நம் வீட்டுக் கழிவை அனுப்பினோம் என்று அக்குவியல்கள் குற்றம் சாட்டின. படகு நன்கொடை தர நிறுவனங்கள் போட்டியிட்டதால் சில ஊர்களில் அலைக்கு முன் இருந்ததைவிடப் படகுகள் மிகுந்தன. ஆனால் தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்ற பெண்ணும், உப்பளக் கூலியும், இருளர் குடும்பமும், கடலோர ஊர்களின் தலித் உழைப்பாளியும் தொடக்கத்தில் பல பட்டியல்களில் இடம்பெறவில்லை. படகு உடைந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. கூடை போனால் தெரிவதில்லை. யெருசலேமின் கைம்பெண்களுக்கு நேர்ந்தது நம் கரையிலும் நேர்ந்தது.

இதற்கிடையே எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பு ஒரு நேர்மையான செயலைச் செய்தது. பேரலை நிகழ்ந்த சில நாட்களிலேயே, தன் பணிக்குத் தேவையான தொகை சேர்ந்துவிட்டதாகக் கூறி, அதற்கெனப் பணம் அனுப்ப வேண்டாம் என்று அறிவித்தது. போதும் என்று சொல்லத் தெரிந்த நிறுவனத்தை நம்பலாம் அன்றோ?

சென்னையில் நேர்ந்ததையும் இங்கே கூறவேண்டும். கடலோரத்தில் வீடிழந்த குடும்பங்களில் பலவற்றுக்கு 2005-க்குப் பின் செம்மஞ்சேரியில் அடுக்குமாடி வீடுகள் தரப்பட்டன. சாந்தோமிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சுவர் கிடைத்தது, கூரை கிடைத்தது. ஆனால் மயிலையில் வீட்டு வேலை செய்த தாய்க்கு அவ்வேலையும், கடலுக்குப் போன தந்தைக்கு அக்கடலும் எட்டாத் தொலைவில் நின்றன. ஒதுக்கீட்டுப் பட்டியலில் அக்குடும்பம் நிவாரணம் பெற்ற குடும்பம். பள்ளியை விட்ட பிள்ளையும் பேருந்துக் கட்டணத்திற்குக் கடன் வாங்கிய தாயும் அப்பட்டியலில் தெரிவதில்லை. 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டபோதும் இதே கேள்வி எழுந்தது.

பொதுநிலையினர் திருத்தூதுப் பணியைக் குறித்து 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏட்டின் எட்டாம் பகுதி, நீதியின்படி ஒருவருக்கு உரியதை இரக்கத்தின் கொடையாகக் காட்டலாகாது என்று எச்சரிக்கிறது. உதவி பெறுவோர் படிப்படியாகப் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையிலிருந்து விடுபட வேண்டும் என்றும் அது கேட்கிறது. எத்தனை வீடு கட்டினோம் என்பது பாதிக் கணக்கே. அவ்வீட்டில் இருப்பவர் பிழைக்க வழி உண்டா என்பதே மறுபாதி.

பட்டியலில் இல்லாதவர்

2015 டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, சாபர்கான்பேட்டை எங்கும் நீர். மேற்கு மாம்பலமும் தப்பவில்லை. மாடி வீட்டாரும் குடிசை வாசியும் ஒரே படகில் ஏறினர். மயிலை இராமகிருஷ்ண மடமும், பள்ளிவாசல்களும், நம் கோயில்களும், கைபேசியில் ஒருவரை ஒருவர் அழைத்துக்கொண்ட இளைஞர்களும் சோறு சமைத்துச் சுமந்தனர். இந்நகரம் கண்ட மிக அழகிய நாட்களுள் அவையும் சில. ஆனால் அதன் பின் அரசின் நிவாரணத் தொகை வழங்கப்பட்டபோது, பட்டியல் என்னும் கதவு முன்னே நின்றது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் தமிழக அரசு குடும்பத்திற்கு 6,000 ரூபாய் வழங்கியது. நியாய விலைக் கடை வழியே, டோக்கன் முறையில், விரைவாக வழங்க வகை செய்யப்பட்டது. ஆனால் குடும்ப அட்டை இல்லாதோர் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வெளியூர் முகவரியில் அட்டை வைத்திருக்கும் காவலாளி, வாடகை ஒப்பந்தம் இல்லாத குடித்தனக்காரர், வடமாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளி, கணவனை விட்டுப் பிரிந்து அட்டையில் பெயர் மாற்றாத பெண் ஆகியோரை எண்ணிப் பாருங்கள். அவர்களை எந்த அலுவலகமும் வேண்டுமென்றே ஒதுக்கவில்லை. அவர்களை அறிந்தவர் எவரும் அலுவலகத்தில் இல்லை. அறிந்தவர் யார்? அவர்கள் வேலை செய்யும் வீட்டாராகிய நாமே.

பாரிஸ் நகரில் 1833-இல் பிரெடெரிக் ஓசானாம் என்ற இளைஞரும் அவர் தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை அலுவலகத்திற்கு வரவழைப்பதில்லை; அவர்கள் இல்லத்திற்கு இருவர் இருவராகச் செல்கிறது. அவ்வழக்கத்தின் பொருள் இன்றே நன்கு விளங்குகிறது. வீட்டிற்குச் சென்று கண்டவர் மட்டுமே பட்டியலில் இல்லாத பெயரை அறிவார்.

வாய்க்கால் குறுகுகிறது

வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்த இந்திய அரசு முதலில் 1976-இல் சட்டம் இயற்றியது. 2010-இல் புதிய சட்டம் வந்தது. 2020 செப்டம்பரில் அது திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்பு எதுவாயினும் முதலில் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையிலேயே அதைப் பெற வேண்டும். நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எல்லாவற்றினும் முக்கியமாக, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவது தடை செய்யப்பட்டது. பணம் போகும் இடம் அரசுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே கூறப்பட்ட காரணம். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இத்திருத்தங்களை ஏற்றது. மேலே நாம் பின்தொடர்ந்த வழி, தில்லியிலிருந்து மறைமாவட்டத்திற்குப் பணம் கைமாறும் வழி, அத்துடன் அடைபட்டது.

உலக அளவிலும் மாற்றம் நேர்ந்துள்ளது. 2016-இல் இஸ்தான்புல் நகரில் கூடிய மாநாட்டில், துயர்துடைப்பு நிதியில் 25 விழுக்காட்டையேனும் 2020-க்குள் இயன்றவரை நேராக உள்ளூர் அமைப்புகளுக்குத் தருவதாகக் கொடையாளரும் பெருநிறுவனங்களும் உறுதி கூறினர். அது நிறைவேறவில்லை. 2025-இல் அமெரிக்க அரசு தன் அயல்நாட்டு உதவி நிறுவனமாகிய யு.எஸ்.எய்டை மூடியது. தன் வருவாயில் ஏறத்தாழப் பாதியை அரசிடமிருந்து பெற்றுவந்த கத்தோலிக்க நிவாரணப் பணியின் திட்டங்கள் பல நாடுகளில் நடுவழியில் நின்றன.

இச்செய்திகளைக் கேட்டு அஞ்சுவதால் பயனில்லை. அயல்நாட்டாரின் கொடையில் பால் குடித்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். இலாபமீட்டும் பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமும் விதித்துள்ளது. ஜெர்மானியக் குடும்பங்கள் பதின்மூன்று ஆண்டுகளில் செய்ததை நாம் இப்போதாவது செய்ய வேண்டாமா?

மறைவும் வெளிச்சமும்

தருமம் செய்யும்போது வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று ஆண்டவர் கற்பித்தாரே, பிறகு கணக்கு எதற்கு என்று சிலர் வினவுவர். ஆண்டவர் பேசியது கொடுப்பவரிடம். பெயர் எடுக்கக் கொடுக்காதே என்றார். பிறர் கொடுத்ததைப் பங்கிடுபவருக்கு அது சாக்காகாது. கொடுப்பவருக்கு மறைவு அழகு. பங்கிடுபவருக்கு வெளிச்சமே அழகு. சின்னப்பர் சாட்சிகளுடன் சென்றது அதனாலேயே.

நம் தோமையாரைப் பற்றிய ஒரு பழங்கதையை நினைவுகூரலாம். மறைநூலாகத் திருச்சபை ஏற்காத தோமையார் பணி நூல் அதைக் கூறுகிறது. குந்தபர் என்னும் மன்னன் அரண்மனை கட்டத் தோமையாரிடம் பெரும் பொருள் தந்தான். அவரோ அதனை ஏழைகளுக்கு வழங்கிவிட்டார். மன்னன் சினந்து சிறையிலிட்டான். இறந்து உயிர்பெற்ற மன்னனின் தம்பி, விண்ணுலகில் அவ்வரண்மனை எழுந்து நிற்பதைக் கண்டதாகச் சொன்ன பிறகே விடுதலை கிடைத்தது. புனிதருக்கு விண்ணகச் சாட்சி கிடைத்தது. இன்றைய தணிக்கையாளர் அத்தகைய பற்றுச்சீட்டை ஏற்கமாட்டார்! நாம் மண்ணுலகச் சீட்டுகளையே சேர்த்து வைக்க வேண்டும்.

நிர்வாகச் செலவு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பதும் முறையன்று. லாரிக்கு வாடகை உண்டு. கணக்கருக்குக் குடும்பம் உண்டு. களப்பணியாளருக்குப் பேருந்துக் கட்டணம் உண்டு. செலவே இல்லை என்று சொல்பவரைவிட, இவ்வளவு செலவு, இன்னதற்காக என்று சொல்பவரே நம்பத்தக்கவர்.

நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, பேரிடர் வந்த பின் அள்ளிக் கொடுப்பதைவிட, மாதந்தோறும் சிறுதொகை எடுத்து வைப்போம். சின்னப்பர் கொரிந்து மக்களுக்குச் சொன்னது இதுவே. வெள்ளம் வடிந்து செய்தித்தாள்கள் மறந்த பிறகுதான் மறுவாழ்வுப் பணி தொடங்குகிறது. அப்போதுதான் பணம் தீர்ந்துபோகிறது. தவக்காலத்தில் ஒருவேளை உணவைக் குறைத்துச் சேர்க்கும் காசை ஏளனமாக எண்ணவேண்டாம்.

இரண்டாவது, பொருளைவிடப் பணமாகக் கொடுப்போம். பாதிக்கப்பட்ட ஊரிலேயே அரிசி வாங்கினால் அங்குள்ள கடைக்காரரும் பிழைப்பார். துணி தருவதாயின், நாம் திருவிழாவுக்கு உடுத்தத் தயங்காத துணியைத் தருவோம்.

மூன்றாவது, கணக்குக் கேட்போம்; பணிவுடன் கேட்போம். எவ்வளவு சேர்ந்தது, எங்கே அனுப்பினோம், அங்கிருந்து வந்த மறுமொழி என்ன என்ற மூன்று வரிகள் கோயில் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். பங்குப் பேரவையில் அதற்கு நேரம் ஒதுக்கப்படட்டும். கேட்கப்படும் கணக்கே ஒழுங்காக எழுதப்படுகிறது.

நான்காவது, ஒவ்வோர் அன்பியமும் தன் தெருக்களில் பட்டியலுக்கு வெளியே வாழ்பவரை மழைக்காலத்திற்கு முன்பே அறிந்து வைக்கட்டும். அவர் நம் மறையினரா என்று பார்க்க வேண்டியதில்லை. வீட்டு வேலை செய்யும் அம்மாவின் குடும்ப அட்டையில் பெயர்கள் சரியாக உள்ளனவா என்று பார்த்து, இல்லையெனில் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது பத்தாயிரம் ரூபாய் நன்கொடைக்கு ஈடாகும். முதியோர் தனித்து வாழும் வீடு எது, மாற்றுத்திறனாளி உள்ள வீடு எது என்பதை இரு இளைஞர்கள் ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

ஐந்தாவது, பக்கத்துத் தெருவின் ஆலயத்தாருடனும் பள்ளிவாசலாருடனும் அமைதிக் காலத்திலேயே பேசி வைப்போம். யார் சமைப்பது, யார் படகு தேடுவது, எங்கே தங்க வைப்பது என்பதை நீர் இடுப்பளவு ஏறிய பிறகு பேசத் தொடங்கினால், ஒரே தெருவுக்கு மூன்று முறை உணவு போகும். அடுத்த தெரு பட்டினி கிடக்கும்.

அன்பார்ந்த வாசகர்களே, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே கைகள் பல இருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். நடுவிலுள்ள கைகளைச் சட்டமும் தணிக்கையும் திருத்தும். முதற்கை நம்முடையது, அது தவறாமல் நீள வேண்டும். கடைசிக் கையும் இந்நகரத்தில் பெரும்பாலும் நம்முடையதே. அதற்கு ஏழையின் பெயரும் வீடும் தெரிந்திருக்க வேண்டும். இம்மாதம் நம் இல்லங்களில் செபமாலை சொல்லி முடித்தபின் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்: நாளை வெள்ளம் வந்தால் எந்தப் பட்டியலிலும் இராத பெயர்களில் நமக்குத் தெரிந்தவை எத்தனை? ஒன்றுகூடத் தெரியாதெனில், அடுத்த மழைக்கு முன் தெரிந்துகொள்வோம்.